நல்ல நேரத்தில் ஒரு விவாகரத்து

ஜூன் 9

வக்கீல் சபாநாயகம் என்னை டைரி எழுதச் சொல்லியிருக்கிறார். "தினமும் ரெண்டு வரி எழுதி வெயிங்கம்மா. தனியாத்தான் இருக்கறீங்களான்னு நாளைக்கு எவனாச்சும் கேட்டா, இதையே எடுத்துக் காட்டிக்கலாம்" என்றார். உரக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி ஒன்றையும் அவரே கையில் திணித்தார். சரி, எழுதிவிட்டேன்: இன்று தனியாக இருந்தேன். நாளைக்கும் தனியாக இருப்பேன்.

வக்கீலுக்கான வரி முடிந்தது. மீதிப் பக்கம் எனக்கு.

விஷயம் இவ்வளவுதான். என் வீட்டுக்காரர் குழந்தைவேல் வருகிற நகராட்சித் தேர்தலில் நிற்கிறார். கவுன்சிலராகி, கையோடு சேர்மனும் ஆகிவிடுவதாக உத்தேசம். அதற்கு ஒரே ஒரு இடைஞ்சல். அது நான். எட்டு வருஷமாக இந்த ஊர்க் குப்பையை அள்ளுகிற கான்ட்ராக்ட் 'சாந்தாமணி என்டர்பிரைசஸ்' என்று என் பெயரில்தான் இருக்கிறது. குப்பைக்கு என் பெயரை வைத்தபோது என்னை யாரும் கேட்கவில்லை, அது வேறு. அவர் சேர்மனாகி உட்கார்ந்தால், நகராட்சியில் பில்லைப் பாஸ் செய்கிறவரும் பில்லை வாங்குகிறவளும் ஒரே சட்டியில் சோறு தின்கிறவர்கள் ஆகிவிடுவோம். எதிராளி ஒரு மனுப் போட்டால் ஆட்டம் காலி என்கிறார் வக்கீல்.

இதற்கு நேர்வழி ஒன்று உண்டு. கான்ட்ராக்ட்டை விட்டுவிடலாம். அதை ஒருத்தரும் வாயில் எடுக்கவில்லை. இன்னொரு வழி, என்னை விட்டுவிடலாம். அதை எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"வெறும் பேப்பர்லதான் சாந்தா. ஆறேழு மாசம். ஜெயிச்ச கையோட கோயில்ல வெச்சு மறுபடியும் தாலி கட்டிப்போடறேன். ஒரே புருசன்கிட்ட ரெண்டு தாலி வாங்கற யோகம் எவளுக்குக் கெடைக்கும் சொல்லு?" என்றார்.

நான் சம்மதித்தேன். ஏன் சம்மதித்தேன் என்று எழுதலாம், பக்கம் முடிந்துவிட்டது.

ஜூன் 12

சேர்ந்து சம்மதித்து விலகுவதானாலும் ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டுமாம். நாங்கள் பிரிந்து வாழ்ந்தது மொத்தம் மூன்று நாள். மீதி முந்நூற்றுச் சொச்சம் நாளை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வாடகை வீடு. வாஸ்து பார்த்து எடுத்தார். பிரிந்து வாழப்போகிற வீட்டுக்கு ஈசானிய மூலை சரியாக இருந்தே ஆக வேண்டும் என்று அடம். குடிவந்த அன்று காலையில் அவரே வந்து பால் காய்ச்சினார். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. "பாத்தியா, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சந்தோஷப்பட்டார். எது நல்லபடியாக நடக்கும் என்று கேட்க நினைத்தேன். வாயில் பால் இருந்தது.

ஜூன் 20

தனியாக இருந்தேன்.

ஜூலை 3

இன்றைக்கு மனுத் தாக்கல். நேரம் குறிக்கச் சொல்லி அவர் ஜோசியரிடம் போயிருந்தார். பெண் பார்க்க, வளைகாப்புக்கு, ஆழ்துளைக் கிணறு போட என்று எல்லாவற்றுக்கும் பஞ்சாங்கத்தில் நேரம் இருக்கிறதாம். இதற்கு இல்லையாம். ஜோசியர் மண்டையை உடைத்துக்கொண்டு, கடன் தீர்க்க உகந்த நாளாகப் பார்த்து ஒன்றைக் கொடுத்தனுப்பினார். பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள். அதற்குள் டோக்கன் வர வேண்டுமே என்று கோர்ட் வராந்தாவில் அவர் அலைந்ததைப் பார்த்தால் பிரசவ வார்டில் நிற்கிறாரோ என்று தோன்றும்.

உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் வக்கீல் என் கழுத்தைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார். "அம்மா, அது வெளிய தெரியுதுங்க. ஜட்ஜம்மா கேப்பாங்க."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் போனில் யாருக்கோ பதினான்காவது வார்டு ஓட்டுக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "கழட்டிப் பர்சுல போட்டுக்க சாந்தா, நேரமாவுது" என்றார். திரும்பவும் ஓட்டுக்குப் போய்விட்டார்.

கழற்றிப் பர்ஸில் போட்டேன். சில்லறை போடுகிற அறையில்தான் இடம் இருந்தது. ஜிப்பை இழுத்து மூடினேன். அவருக்கும் ஒரு மாதிரி இருந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை, ஆம்பளை என்று எழுதலாம்தான். எனக்கு அவ்வளவு கற்பனை கிடையாது.

முடிந்ததும் ஹோட்டலுக்குப் போனோம். யாராவது பார்த்தால் வம்பு என்று வக்கீல் எங்களைத் தனித்தனி மேசையில் உட்காரவைத்தார். அவர் ஒரு மேசையில் நெய் ரோஸ்ட், நான் ஒரு மேசையில் நெய் ரோஸ்ட். இரண்டு பில்லையும் அவரே கொடுத்தார். சர்வர் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

ஆகஸ்ட் 11

தனியாக இருந்தேன். மிளகாய் அள்ளிப் போட்டுப் புளிக்குழம்பு வைத்தேன். அவருக்கு அல்சர் வந்ததிலிருந்து பன்னிரண்டு வருஷமாகப் பத்தியச் சமையல்தான் எனக்கும். கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டேன். அந்த வீட்டு ஞாபகம் வந்து சாப்பாடே இறங்கவில்லை என்று எழுதுவதுதான் முறை. இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 30

ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்கினேன். பச்சை. நாலு மாதத்துக்கு எதற்குத் திரை என்று கடைக்காரி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 14

இதுவரை கம்பெனிக் காகிதம் எல்லாம் அந்த வீட்டுக்குப் போகும். அவர் கொண்டுவந்து "இங்க, இங்க, அப்பறம் இங்க" என்று விரல் வைப்பார், நான் கையெழுத்துப் போடுவேன். எட்டு வருஷத்தில் நான் படித்துப் பார்த்தது அவருடைய விரல் நகத்தைத்தான். இப்போது எதிராளி ஆட்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று, காகிதம் எல்லாம் நேராக எனக்கே வருகிறது. விரல் கூட வரவில்லை. அதனால் படித்துவிட்டேன்.

தப்புப் பண்ணிவிட்டேன்.

துப்புரவு ஆட்கள் வருகைப் பதிவேட்டில் அறுபத்து நாலு பேர். முப்பத்தோராவது பெயர் கொழுந்தனாருடையது. நாற்பதாவது பெயர் மாமனாருடையது. போன மாதம் இருபத்தாறு நாள் குப்பை அள்ளியிருக்கிறார். ஞாயிறு போக ஒருநாள்தான் லீவு. அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது சாப்பிட்ட தட்டைக் கூட எடுத்து வைக்காத மனுஷன், மேலே போய் இவ்வளவு உழைப்பாளி ஆகிவிட்டார்.

செப்டம்பர் 15

காலையில் லாரி ஷெட்டுக்குப் போனேன். என் ஷெட்டை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வாசலில் இருந்த மேஸ்திரி மாராத்தாள், "ஆரைப் பாக்கோணுமுங்?" என்றாள்.

"நாந்தான் சாந்தாமணி."

என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். "ஏனுங், உசுரோட இருக்கறீங்களா? அது செத்துப்போன பெரியம்மா பேருன்னுதான் நாங்க இத்தனை நாளா நெனச்சிட்டிருக்கறோம். சாமி பேரு மாதிரி லாரியில எழுதியிருக்குதேன்னு."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்புறம் அவள் கையைப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கக் கண்ணாடி கிழித்த தழும்பு. "கையுறை குடுக்கறதில்லையா?" என்றேன். "நீங்கதானுங்களே முதலாளி? நீங்களே சொல்லுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே என்னிடம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். காகிதப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறுபத்து நாலு ஜோடி கையுறை வாங்கியிருக்கிறோம். எல்லாவற்றிலும் என் கையெழுத்து. அழகான கையெழுத்து என்று பள்ளிக்கூடத்தில் பரிசு கூட வாங்கியிருக்கிறேன்.

நிஜமாக வேலை செய்கிறவர்கள் நாற்பத்தொரு பேர். ஒவ்வொருத்தராக நிற்கவைத்து எண்ணினேன். வெட்கமாக இருந்தது.

அக்டோபர் 4

செத்தவர்கள், கொழுந்தனார், கட்சிக்காரர்கள் என்று இருபத்து மூன்று பெயரை அடித்துவிட்டேன். கையுறையும் பூட்ஸும் வாங்கிக் கொடுத்தேன்.

மதியமே போன். "சாந்தா, உனக்கென்ன கேடு? எலக்சன் செலவே அதை நம்பித்தான் இருக்குது!"

"எதை நம்பிங்க?"

"அந்த ஆளுங்களைத்தான்."

"எந்த ஆளுங்களைங்க? மாமாவையா?"

"திரும்ப எழுது. நாஞ் சொல்றேன்" என்றார்.

"நீங்க சொல்லலாமுங்களா? ஒரு வருசமா நமக்குள்ள பேச்சுவார்த்தையே கெடையாதுன்னு மனுவுல எழுதியிருக்குது. கோர்ட்டுல ரெண்டாம் வாய்தா வேற பாக்கி இருக்குது."

பல்லைக் கடிக்கிற சத்தம் போனிலேயே கேட்டது. பிறகு குரலில் தேன் ஒழுக, "சரி சரி, எல்லாம் எலக்சன் முடியட்டும், நாம பேசிக்கலாம். சாப்பிட்டியா கண்ணு?" என்றார். கல்யாணமான புதிதில் கேட்டது. சட்டப்படி விலகுகிறபோதுதான் திரும்ப வருகிறது.

நவம்பர் 2

தனியாக இருந்தேன். மழை. ஏழாம் நம்பர் லாரி டயர் பஞ்சர். நானே நின்று மாற்ற வைத்தேன்.

ஜனவரி 6

தீர்ப்பு வந்துவிட்டது. ஜட்ஜம்மா என்னிடம், "யோசிச்சுத்தானேம்மா? யாரும் கட்டாயப்படுத்தலையே?" என்று தணிவாகக் கேட்டார். ஏழு மாதத்தில் என்னை இப்படி யாரும் கேட்கவில்லை. அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் போலிருந்தது. "இல்லீங்க" என்றேன். வெளியே வந்ததும் வக்கீல் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்.

ஜனவரி 18

வேட்புமனு. பிரமாணப் பத்திரத்தை இணையத்தில் போட்டிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நானும் யாரோதானே, பார்த்தேன். வீடு அவர் அம்மா பெயரில். தோட்டம் தம்பி பெயரில். அவருக்கென்று ஒரு பழைய ஸ்கூட்டரும் கைச்செலவுக்குக் கொஞ்சம் ரொக்கமும். பாவம், படித்தால் பத்து ரூபாய் தர்மம் போடத் தோன்றும். மனைவி பெயர் என்ற கட்டத்தில் 'பொருந்தாது' என்று இருந்தது. மனைவியின் அசையும் சொத்து, பொருந்தாது. அசையாச் சொத்து, பொருந்தாது. ஒரே பக்கத்தில் ஒன்பது தடவை நான் பொருந்தவில்லை. நகராட்சியோடு ஒப்பந்தம் செய்த எந்த நிறுவனத்திலும் தனக்கோ தன் குடும்பத்துக்கோ காலணாப் பங்கு கிடையாது என்று கீழே சத்தியமும் செய்திருக்கிறார்.

நாளெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம்தான். வேறு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 8

ஜெயித்துவிட்டார். எங்கள் தெரு வழியாகத்தான் ஊர்வலம் போனது. திறந்த ஜீப்பில் மாலையோடு நின்றார். என் வீட்டு ஜன்னலைப் பார்க்கக் கூடாது என்பதற்காக எதிர்ப்பக்கத்து மாவு மில்லைப் பார்த்து அப்படி ஒரு கும்பிடு போட்டார்.

பிப்ரவரி 10

இன்றைய நாளைச் சாகும்வரை மறக்க மாட்டேன்.

காலை ஆறு மணிக்கு மாராத்தாள் போன் செய்தாள். "அம்மிணி, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பாருங்க. உங்களைப் பெருசா வெச்சிருக்கறாங்க."

போய்ப் பார்த்தேன். இருபதடி ஃப்ளெக்ஸ். அவர் வலதுபக்கம் கும்பிடுகிறார். இடதுபக்கம் நான், பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. நடுவில் இரண்டு அன்னப்பறவைகள். 'வெற்றி வேந்தர் வேலண்ணன் – அன்பு அண்ணி சாந்தாமணி தம்பதியரின் திருமண வெள்ளி விழா! பல்லாண்டு வாழ்க! இவண்: வேலண்ணன் நற்பணி மன்றம்.'

விசுவாசிகள். ரகசியமாக இருக்கட்டும் என்று, விவாகரத்தையே பயல்களிடம் சொல்லாமல் விட்டதன் பலன். இந்த ஊரில் தலைவருக்குத் தெரியாமல் தலைவருக்கு ஃப்ளெக்ஸ் வைப்பதுதானே மரியாதை.

அவருடைய போன். "எந்த நாயி வெச்சான்? இன்னிக்கு எதுக்கு வெச்சான்?"

"இன்னிக்குத்தானுங்க நம்ம கல்யாண நாளு."

"இன்னிக்கா?"

அந்த 'இன்னிக்கா'வைத்தான் தாங்க முடியவில்லை. இருபத்தைந்தாவது வருஷம். ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. அரை மணி நேரத்தில் கிழித்துவிட்டார்கள். அதற்குள் எதிராளி ஆட்கள் நாலு கோணத்தில் போட்டோ எடுத்து முடித்திருந்தார்கள்.

பிப்ரவரி 20

நோட்டீஸ் வந்துவிட்டது. விவாகரத்து வெறும் நாடகம், குப்பைக் கான்ட்ராக்ட்டுக்காரி சட்டப்படி இல்லாவிட்டாலும் நடைமுறையில் அவர் சம்சாரம்தான், அவர் சேர்மன் பதவிக்கு நிற்கத் தகுதி இல்லை என்று புகார். மார்ச் ஒன்றாம் தேதி விசாரணை. நான் நேரில் வந்து சத்தியம் செய்து சொல்ல வேண்டும்.

வக்கீல் மூன்று தடவை ஒத்திகை பார்த்தார். அவர் தன் பங்குக்கு நாலு தடவை போன் செய்தார். "உன் வாயிலதான் சாந்தா என் வாழ்க்கை இருக்குது" என்றார். நன்றாகத்தான் இருந்தது கேட்க.

மார்ச் 1

விசாரணை அதிகாரி வயதானவர், தன்மையான மனுஷன். ஃப்ளெக்ஸ் போட்டோவை என் பக்கம் நகர்த்தினார்.

"இதுல இருக்கறது நீங்கதானேம்மா?"

"போட்டோ என்னோடதுதானுங்க. மத்ததெல்லாம் பயலுகளோட ஆசைங்க."

"உங்களுக்கும் குழந்தைவேலுக்கும் இப்போ ஏதாவது சம்பந்தம் இருக்கா? அவரோட சேர்ந்து வாழறதா, இனிமே வாழப்போறதா ஏதாவது எண்ணம்?"

அறைக்கு வெளியே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த பையன் மாதிரி. எனக்கு மனசு இளகிவிட்டது. எழுதுவதற்கு அவமானமாக இருக்கிறது, இளகிவிட்டது.

"எந்தச் சம்பந்தமும் இல்லீங்க. அப்படி எண்ணமும் இல்லீங்க" என்றேன். சத்தியமும் செய்து கையெழுத்தும் போட்டேன்.

சாயங்காலம் போனில், "அசத்திட்டே போ! கண்ணுல துளி ஈரம் இல்லாம என்னமாச் சொன்னே! பெரிய நடிகை நீ" என்று பாராட்டினார்.

மார்ச் 3

சாமி படத்துக்கு விளக்கு வைக்கவே கை கூசுகிறது. இத்தனை காலம் படிக்காமல் கையெழுத்துப் போட்டதெல்லாம் தெரியாமல் செய்த தப்பு. இது தெரிந்தே செய்தது. அந்த அதிகாரி எழுந்து நின்று எனக்குக் கும்பிடு வேறு போட்டார். உறுத்துகிறது.

மார்ச் 4

சேர்மன் ஆகிவிட்டார். பட்டாசுக் குப்பை எட்டு லோடு. நாங்கள்தான் அள்ளினோம்.

மார்ச் 7

காலை பத்தரைக்கு ஆட்டோவில் வந்தார். தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு, பின்வாசல் வழியாக. நகராட்சித் தலைவர் கோழி திருட வந்தவர் மாதிரி என் வீட்டுக்குள் நுழைந்தார். கையில் மல்லிகைப் பூவும் ஜோசியர் சீட்டும். காபி போட்டுக் கொடுத்தேன்.

"சொன்ன வாக்கு மாற மாட்டேன் பாத்துக்க. வர்ற வியாழக்கெழமை, விடியறதுக்கு முன்னால நல்ல நேரம். ஊருக்கு வெளிய ஒரு கோயில், பூசாரி நம்ம ஆளு. தாலி கட்டிரலாம். போட்டோ கீட்டோ ஒண்ணும் வேண்டாம்."

"சரிங்க. அப்பறம் நான் நம்ம வீட்டுக்கு வந்தர்றதா?"

"அதெப்படி? நீ இங்கயே இரு. நான் அப்பப்ப இருட்டுனதும் வந்துட்டுப் போறேன். அஞ்சு வருசந்தானே, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிரும்."

"கட்டுன பொண்டாட்டியை இருட்டுல வந்து பாத்துட்டுப் போறதுக்கு ஊருல வேற பேரு வெச்சிருக்கறாங்க" என்றேன்.

"ஊருக்குத் தெரிஞ்சாத்தானே பேரு வெப்பாங்க?" என்றார் வெகு சுலபமாக.

அப்போதுதான் அதைச் சொன்னேன். நேற்று முழுக்க யோசித்து வைத்திருந்தது. இந்த டைரியில் கிண்டல் கலக்காமல் நான் எழுதுவது இது ஒன்றுதான். "ஒண்ணு பண்ணலாமுங்க. கான்ட்ராக்ட்டை நான் நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு விட்டர்றேன். லாரியெல்லாம் வித்துக் கடனை அடைச்சரலாம். மாராத்தாளையும் மத்தவங்களையும் அடுத்து எடுக்கறவங்க வெச்சுக்கட்டும்னு நானே போய்க் கேக்கறேன். அப்பறம் நாம எதுக்கு ஒளியோணும்? பட்டப்பகல்ல மண்டபம் புடிச்சு, ஊரைக் கூட்டித் தாலி கட்டுங்க. அல்சருக்குப் பாத்துப் பாத்துச் சமைச்சுப் போடறேன்."

யோசிப்பார் என்று நினைத்தேன். ஒரு வாரம் டைம் கேட்பார் என்று நினைத்தேன். ஒரு நிமிஷமாவது.

டம்ளரைக் கூடக் கீழே வைக்கவில்லை. "உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? மாசமானா வர்ற வரும்படியை விட்டுப்போட்டு வெறும் பொண்டாட்டியை வெச்சுட்டு நான் என்ன பண்றது?"

சொன்னபிறகு அவருக்கே கேட்டிருக்கும். "அப்படிச் சொல்ல வரல சாந்தா" என்றார். அப்படித்தான் சொல்ல வந்தார்.

"வியாழக்கெழமை நான் வரலீங்க. எந்தக் கெழமையும் வரலீங்க."

"அப்ப கம்பெனி?"

இதுதான் கேட்டார். அப்ப நான், அப்ப நீ என்று எதுவும் இல்லை.

"உங்க பிரமாணப் பத்திரத்துலயே இருக்குதுங்க, உங்களுக்கு அதுல காலணாப் பங்கு கெடையாதுன்னு."

"கோர்ட்டுக்குப் போவேன்!"

"போங்க. போயி என்னன்னு சொல்லுவீங்க?"

காபியைக் குடித்து முடித்தார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகவே போனார்.

அவர் போனதும் அழுதேன். இருபத்தைந்து வருஷம், லேசு இல்லை. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு விளக்கு வைத்தேன். கை கூசவில்லை. சத்தியம் செய்து பொய் சொல்லிவிட்டோமே என்று ஆறு நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. இன்று காலை பதினோரு மணியிலிருந்து அது பொய் இல்லை.